பத்துக்குப் பன்னிரண்டு

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துப் பிழைக்கிறவனுக்கு வீடு என்று ஒன்று இருந்தால் அது அவன் பெண்டாட்டி பிள்ளை இருப்பதற்குத்தான், அவன் இருப்பதென்னவோ லாட்ஜில்தான் என்று தணிகைவேலன் சிரித்துக்கொண்டே சொல்வான், அந்தச் சிரிப்பு அவன் மனைவி சுகந்திக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை. மலையூர், கோயிலூர், துறைமுக ஊர், உப்பளம் மின்னுகிற ஊர் என்று சுற்றுலாப் பத்திரிகைக்காரர்கள் எங்கே போகச் சொன்னாலும் போனான், போன இடத்திலெல்லாம் அவனுக்கு ஆபீசும் லாட்ஜ்தான், சலவைக் கடையும் லாட்ஜ்தான், மழை விடுகிறவரை படுத்துக்கிடக்கிற மடமும் லாட்ஜ்தான். அறைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள், மெத்தையை அமுக்கிப் பார்ப்பார்கள். இவன் குனிந்து பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று தேடுவான். இருக்கிற ஒரே பிளக்கில் டிவியைப் பிடுங்கிவிட்டு கேமரா பேட்டரியைச் செருகுவான், பக்கெட்டில் பனியனை அலசி மின்விசிறிக்கு நேரே நாற்காலி முதுகில் காயப்போடுவான், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து எடுத்த படங்களில் தேறாததைத் தள்ளித் தேறியதை அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போகிற பஸ் வந்துவிடும்.

அறைக்கு வாடகையாக அவன் கொடுத்ததும் படம்தான். லாட்ஜ்காரர்கள் கம்ப்யூட்டரில் அறையைக் காட்டி ஆள் பிடிக்க ஆரம்பித்த காலம் அது. அவன் அவர்கள் அறையைப் படம் எடுத்துக் கொடுப்பான், அவர்கள் அவனைத் தங்கவிடுவார்கள். அந்த வேலையில் அவனை அடிக்க ஆளில்லை. படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, பக்கெட்டையும் குவளையையும் கண்ணில் படாமல் ஒளித்துவைத்து, எல்லா விளக்கையும் போட்டு, மூலையில் முதுகு ஒட்ட நின்றுகொண்டு, பக்கவாட்டை எல்லாம் வாரி உள்ளே இழுத்துக்கொள்கிற அகன்ற லென்ஸை மாட்டி ஒரு அமுக்கு அமுக்கினான் என்றால், பத்துக்குப் பன்னிரண்டு அறை கல்யாண மண்டபமாகத் தெரியும். படத்தில் ஆள் மட்டும் இருக்கக் கூடாது, அது தொழிலின் சட்டம். ஆள் நின்றால் அறையின் உண்மை அளவு தெரிந்துபோகும். படத்தை நம்பி வருகிறவர்கள் அறையைப் பார்த்து மேனேஜரோடு மல்லுக்கு நிற்பார்கள், ஆனால் அதற்குள் இவன் வேறு ஊரில் வேறு மூலையில் நின்றுகொண்டிருப்பான்.

அப்படித்தான் ஆனி மாதத்தில் சாரல் பிடித்ததும் குற்றாலத்துக்கு வந்தான், அருவியைப் படம் எடுத்தான், கோமதி விலாஸ் லாட்ஜில் தங்கினான். லாட்ஜ் முதலாளி சங்கரநயினார் கேட்டுக்கொண்டபடி, தான் தங்கிய அறையையும் படம் எடுத்தான். வழக்கமாகக் கதவுப் பக்கத்து மூலையில் நின்று உள்ளே பார்த்து எடுக்கிறவன், அங்கே சுவர் அலமாரி துருத்திக்கொண்டிருந்ததால், கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் மூலையில் நின்று கதவைப் பார்த்து எடுத்தான். நல்ல படம். கதவு எங்கேயோ தொலைதூரத்தில் சின்னதாக, அழகாகத் தெரிந்தது. நயினார் அன்றைக்கே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

மறுநாள் காலையில் அறை படத்தில் இருந்தபடி ஆகியிருந்தது.

டீ கொண்டுவந்த சுடலைமுத்துதான் முதலில் பார்த்தவர். ரூம் பாய் என்று பேரே தவிர பேரன் எடுத்த மனிதர். கதவைத் திறந்தார், உள்ளே பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், நடக்க ஆரம்பித்தார். அவர் அலமாரியைத் தாண்டி, மேசையைத் தாண்டி, நாற்காலியின் நிழலில் சற்று நின்று மூச்சு வாங்கி, கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது.

"ஆறிட்டு சார்" என்றார். "ரூம் கொஞ்சம் பெரிசாயிட்டுல்லா, அதான்."

பிறகு நயினார் வந்தார். வாசலில் நின்று கண்ணுக்கு மேலே கையை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நடந்து வந்தார். தணிகைவேலன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துல உள்ளபடி ரூம் இல்லன்னு எத்தன பேரு எங்கிட்ட சண்டைக்கு வந்துருக்காவ தெரியுமா சார்? ஒரு தடவ ஒரு கோயமுத்தூர்க்காரரு தலகாணிய எம்மேல எறிஞ்சாரு. இனி ஒருத்தரும் வாயத் தெறக்க முடியாது."

"நான் ஊருக்குக் கெளம்பணும் நயினார். இன்னிக்கி சாயங்காலம் ரயிலு."

"போங்க சார். யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

யாரும் பிடித்து வைக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நயினாரோடு பேசிக்கொண்டே நடந்தான். நாற்காலி வந்தது, மேசை வந்தது, அலமாரி வந்தது. நயினார் வாசலைத் தாண்டி வராந்தாவில் கால் வைத்து, பேச்சை முடிக்கத் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ஆளில்லை. தணிகைவேலன் பையும் தோளுமாக ஜன்னல் மூலையில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். மறுபடி நடந்தான். மறுபடி அங்கேயே நின்றான். உள்ளே வந்தவர்களெல்லாம் வந்த வழியே வெளியே போனார்கள். படம் எடுத்த இடத்தில் நின்ற அவன் மட்டும், எவ்வளவு நடந்தாலும், படத்தில் கதவு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்திலேயே இருந்தான். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. லாட்ஜ் மலைச்சரிவில் இருந்ததால் வராந்தாப் பக்கம் தெருமட்டம், ஜன்னலுக்கு வெளியே மூன்று மாடி ஆழத்தில் வாழைத்தோப்பு.

அன்று சாயங்காலம் ரயில் அவன் இல்லாமல் போனது. அவன் சுகந்திக்கு போன் செய்தான்.

சென்னையில் அவர்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறை. சமையலும் படுக்கையும் மகள் மிருதுளாவின் பள்ளிக்கூடப் பாடமும் எல்லாம் அதே அறைக்குள்தான். வீட்டுக்காரம்மா மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்ததால் அந்த அறை வேண்டுமென்று சொல்லிவிட்டாள். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள், ஆனி முடிவதற்குள் வேறு இடம் பார்த்துப் போய்விட வேண்டும் என்பது பேச்சு. குற்றாலம் போய்விட்டு வந்ததும் அலைந்து தேடலாம் என்று சொல்லித்தான் தணிகைவேலன் பஸ் ஏறியிருந்தான்.

"ரூம்ல இருந்து வெளிய வர முடியலன்னா என்ன அர்த்தம்?" என்றாள் சுகந்தி.

"கதவு ரொம்ப தூரத்துல இருக்கு."

"என்னங்க, பொய் சொல்றதுக்குக்கூட உங்களுக்கு நேரமில்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதற்கு மேலும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

இப்படி ஒருத்தன் தவித்துக்கொண்டிருந்தபோது, ஊர் தன் வேலையைப் பார்த்தது. அது சீசன் நேரம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜிலும் இடமில்லாமல் ஜனங்கள் வேனிலும் கோயில் மண்டபத்திலும் ஈரத் துணியோடு சுருண்டு கிடந்தார்கள். நயினார் நல்ல மனிதர், கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது. முதலில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேன் ஜனத்தை உள்ளே விட்டார், அவர்கள் மேசைக்கு அடியில் விரிப்பைப் போட்டுப் படுத்தார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடுவே கபடி ஆடினார்கள். பிறகு எண்ணெய் தேய்க்கிறவர்கள் வந்தார்கள், நேந்திரங்காய் சிப்ஸ்காரர் அடுப்போடு வந்தார், ரம்புட்டான் விற்கிறவர்கள் கூடைகளை வரிசையாக வைத்தார்கள். கட்டில் காலுக்குப் பக்கத்தில் பேச்சிக்கனி என்கிற பெண் இட்லிக் கடை போட்டாள். கட்டில் கால் படத்தில் பெருத்திருந்தபடியே கோயில் தூண் பருமனுக்கு நின்றதால் சாய்ந்து உட்கார வசதியாக இருந்தது. சுடலைமுத்துவின் மருமகன் ஆட்டோ கொண்டுவந்து வாசலுக்கும் கட்டிலுக்கும் ஆள் ஏற்ற ஆரம்பித்தான். மேசைப் பக்கம் ஒரு கல்யாணம்கூட நடந்தது, பெண்வீட்டார் அறை நன்றாகக் காற்றோட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை என்று சொல்ல முடியாது, வந்த அன்றைக்கு ஆச்சரியப்பட்டார்கள், மறுநாளைக்குக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். பாத்ரூம் தூரம் என்றார்கள். டியூப்லைட் அலமாரிப் பக்கம் எட்டவில்லை என்றார்கள். குளிக்கிற வெந்நீரின் ஆவி கூரையில் முட்டித் திரண்டு மத்தியானத்தில் பூந்தூறலாக இறங்கியபோது, ரூமுக்குள்ளேயும் சாரல் அடிக்குது என்று சந்தோஷப்பட்டவர்கள், காயப்போட்ட துணி நனைந்ததும் நயினாரிடம் போய்ச் சண்டை பிடித்தார்கள். அறை எந்த வார்டு என்று ஒரு வாக்குவாதம் வந்தது. கட்டில் பக்கம் ஒரு வார்டு, பாத்ரூம் பக்கம் இன்னொரு வார்டு என்று பேசி முடித்தார்கள். நாலு நாள் கழித்து வந்தவர்கள் அறை எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றே நினைத்தார்கள்.

தணிகைவேலனை எல்லோரும் ரூம் சார் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சிக்கனி முதல் ஈடு இட்லியை அவனுக்குத்தான் கொடுத்தாள். கல்யாணக்காரர்கள் தாம்பூலப் பையைக் கையில் திணித்தார்கள். சிப்ஸ்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் ஏற்றி வாசல்வரைக்கும் கொண்டுபோனார்கள், ஆட்டோ வராந்தாவில் நின்றபோது பின்சீட் காலியாக இருந்தது, அவன் ஜன்னல் மூலையில் தாம்பூலப் பையோடு நின்றான். அவனுக்காகப் பரிதாபப்பட்டார்கள், பரிதாபப்பட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அவன் வெளியே போக முடியாததும் அங்கே ஒரு வசதியாகப் போயிற்று. எந்நேரமும் ஆள் இருப்பதால் சாமான்களை அவன் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக அருவிக்குப் போனார்கள்.

எத்தனையோ அறைகளில் தங்கியவன் அவன். எந்த அறையிலும் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது ஒரே அறை, அதன் ஒவ்வொரு சுவர்க்கறையும் அவனுக்குத் தெரிந்தது, கூரையில் எந்த இடத்தில் ஆவி திரளும் என்று தெரிந்தது. காலையில் எழுந்ததும் முதலில் கதவைப் பார்ப்பான். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கதவு தெரியும், அதில் ஜனங்கள் எறும்பு எறும்பாக வந்துபோவது தெரியும். அங்கே சென்னையில் ஒருத்தி தெருத்தெருவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"எல்லா எடத்துலயும் ஒரே கேள்விதான்" என்றாள் சுகந்தி போனில். "வீட்டுக்காரர் எங்க, அவர் என்ன பண்றாரு, அவரைக் கூட்டிட்டு வாங்க பேசலாம். படம் எடுக்கறாருன்னு சொன்னா சினிமாவான்றாங்க. ஊருக்குப் போயிருக்காருன்னா எப்ப வருவாருன்றாங்க. நான் என்ன சொல்றது?"

"வந்துடறேன் சுகந்தி. ஒரு வழி இருக்கு."

வழி இருந்தது, அவன் பைக்குள்ளேயே இருந்தது. அருவி மேலே மரத்தில் உட்காருகிற பறவையை எடுப்பதற்காக நீள லென்ஸ் ஒன்று வைத்திருந்தான். அகன்ற லென்ஸ் தள்ளிவிட்டதை நீள லென்ஸ் இழுத்துவரும், அதுதான் அதன் குணம். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவந்து, நடுவில் இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிவிடும். பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் அதை மாட்டி, நாற்காலிக்கு அப்பால் கிடந்த ஒரு தண்ணீர் டிரம்மைப் படம் எடுத்தான். படத்தைத் திரையில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் டிரம் கையெட்டுகிற தூரத்தில் நின்றது. சந்தோஷத்தில் கேமராவுக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

ஆனால் அவனுக்கும் டிரம்முக்கும் நடுவில் கொடியில் பேச்சிக்கனியின் மூன்று சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாக ஆகியிருந்தன, நமுத்துப்போன அப்பளங்களை அடுக்கி அமுக்கின மாதிரி. பேச்சிக்கனி வந்து நகத்தால் பிரித்துப் பார்த்தாள். வரவில்லை.

"சேலையோட போச்சு" என்றாள். "நடுவுல ஆளு நின்னுருந்தா என்னத்துக்கு ஆயிருக்கும் சார்?"

அவள் சத்தம் போடவில்லை, இட்லி கொடுப்பதை நிறுத்தவுமில்லை, ஆனால் அன்று முதல் அவன் கேமராவைக் கையில் எடுத்தால் பக்கத்தில் இருந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் இழுத்து அணைத்துக்கொண்டார்கள்.

அவன் நயினாரைக் கூப்பிட்டுச் சொன்னான். எல்லோரும் ஒரே ஒரு நிமிஷம் வெளியே போனால் போதும், ஆளில்லாத அறையை ஒரு படம் எடுத்துவிட்டால் கதவு கிட்டே வந்துவிடும், அவன் போய்விடுவான்.

"அதுக்கென்ன சார், செய்வோம்" என்றார் நயினார். "சீசன் முடியட்டும்."

"சீசன் எப்ப முடியும்?"

"ஆவணில சனம் கொறைஞ்சிரும். பொறவு பள்ளிக்கூட லீவுக்கு வருவாவ. அது முடிஞ்சதும் ஐயப்ப சாமிமாரு வருவாவ, அவங்கள இருங்கன்னு சொல்ல முடியும், வெளிய போங்கன்னு சொல்லப்பிடாது. தை பொறந்தா பாத்துக்கிடலாம்."

"ஆனி முடியறதுக்குள்ள எனக்கு வீடு பார்க்கணும் நயினார். பொண்டாட்டி புள்ள நடுத்தெருவுல நிக்கும்."

நயினாருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது, கண்கூடக் கலங்கியது. மேசைமேல் ஏறி நின்று, ரூம் சாருக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் வெளிய நில்லுங்க என்று கும்பிட்டுக் கேட்டார். எல்லோரும் சரி என்றார்கள். அதற்கென்ன, ஒரு நிமிஷம்தானே என்றார்கள். அவரவர் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டு எழுந்தார்கள், ஒரு பக்கம் வெளியே போகப் போக, வெளியே மழையில் நின்றவர்கள் இன்னொரு பக்கம் உள்ளே வந்தார்கள், துண்டைக் காணோம் என்று முதலில் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஒரு கிழவர் எழுந்திருக்கவே இல்லை, எனக்குக் கால் வராது, நீ எடுத்துக்கோ தம்பி, நான் அசையாமல் இருக்கிறேன் என்றார். மறுநாளும் கேட்டார்கள், மறுநாளும் அப்படியே. காலமெல்லாம் ஆளில்லாத அறையைப் படம் எடுத்தவனுக்கு, ஆளில்லாத ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை.

சுகந்தி போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மிருதுளா ஒரு தடவை எடுத்து, "அம்மா பேச மாட்டாங்களாம்பா, சாமான் கட்றாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

எங்கே போகப்போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டுக்குப் போவாளோ, அந்த அக்கா புருஷன் முகத்தைச் சுளிப்பானே என்று நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேமராவை எடுத்து நீள லென்ஸை மாட்டிக் கதவைப் பார்ப்பான். நடுவில் அந்தக் கிழவர் தெரிவார், தொட்டிலில் ஒரு குழந்தை தெரியும், இட்லிச் சட்டியின் புகையும் அதற்குப் பின்னால் பேச்சிக்கனியின் முதுகும் தெரியும். ஒரு அமுக்கு. அவ்வளவுதான். அவர்கள் எல்லோரையும் அவன் அந்தக் கணத்தில் வெறுத்தான், இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனுக்கு இட்லி கொடுத்தவளை, கையைப் பிடித்துக்கொண்டவரை, தொட்டிலில் கிடந்த பச்சைப் பிள்ளையைக்கூட வெறுத்தான். விரல் பொத்தான் மேலேயே கிடந்து வியர்க்கும். பிறகு லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைப்பான்.

ஆனி கடைசி வாரத்தில் மலையில் பெருமழை. அருவி சிவப்பாக விழுந்தது, பாறை தெரியவில்லை, குளிக்கக் கூடாது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டது. போக இடமில்லாமல் ஜனங்கள் முழுக்க அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள், அருவிக்கு வந்து குளிக்காமல் போவதா என்று நயினாரையும் மழையையும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். ஈரத்துணி நாற்றமும் எண்ணெய் வாடையுமாக அறை புழுங்கியது. கதவுப் பக்கம்கூட ஜனம் அடைத்துக்கொண்டு நின்றதில் தணிகைவேலனுக்குக் கதவே தெரியவில்லை.

ஆனி முடிகிற அன்றைக்கு, மத்தியானம், கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

சுடலைமுத்து வாசலிலிருந்து கையை ஆட்டினார், அவ்வளவுதான் தெரியும். அறை எழுந்து ஓடியது. எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடினார்கள், பாதி தேய்த்த உடம்போடு ஓடினார்கள், தொட்டில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள், பேச்சிக்கனி அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள், கால் வராத கிழவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். துண்டு போட்டு இடம் பிடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவன் கண்ணெதிரே கட்டிலடி காலியானது, நாற்காலி காலியானது, மேசையும் அலமாரியும் காலியாயின, கடைசியில் கதவு, நக அளவுக்கு, வெறும் கதவாகத் தெரிந்தது.

அவன் முதுகை ஜன்னல் கம்பியில் கொடுத்து நின்றான். நீள லென்ஸை மாட்டினான். கண்ணை வைத்தான். பாத்திரங்கள் நசுங்கும், பாய்கள் ஒட்டிப்போகும், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் உயிர் என்று ஒரு ஈ காக்கை இல்லை. கதவை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான், நாதாங்கி தெரிந்தது, கதவில் ஒட்டியிருந்த அறைச் சட்டதிட்டக் காகிதம் தெரிந்தது. மூச்சைப் பிடித்தான்.

கதவு வழியாக ஒரு கேஸ் சிலிண்டர் உருண்டு வந்தது. அதை உருட்டிக்கொண்டு சுகந்தி வந்தாள். அவள் பின்னால் தலையணை மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மிருதுளா வந்தாள்.

அவன் கேமராவைக் கீழே இறக்கினான். அவர்கள் இன்னும் கதவுச் சட்டத்தில்தான் நிற்கிறார்கள், ஒரு அடி பின்னால் வைத்தால் வராந்தா, அவர்கள் வெளியே, கதவு கிட்டே வந்துவிடும், அவனும் வெளியே. அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"வாசல்லயே நில்லு."

அந்தத் தூரத்துக்குச் சொல் முழுசாகப் போவதில்லை, முதல் எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும். சுகந்தியின் காதில் விழுந்தது "வா" என்பதுதான். இத்தனை நாள் கோபத்துக்குப் பிறகு புருஷன் வாய் நிறைய வா என்று கூப்பிட்டதில் அவள் முகம் மலர்ந்துபோனது, சிலிண்டரை ஒரு உருட்டு உருட்டிவிட்டு மகளையும் இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அவன் நில்லு நில்லு என்று கையை ஆட்டியதும் தூரத்திலிருந்து பார்க்கக் கூப்பிடுகிற மாதிரியேதான் இருந்தது. பின்னாலேயே சுடலைமுத்துவின் மருமகன் ஆட்டோவில் பீரோவையும் மிக்சியையும் சாமி படங்களையும் ஏற்றிக்கொண்டு வந்தான், நடு வழியில் அவர்களையும் ஏற்றிக்கொண்டான்.

கட்டிலுக்கு வந்து இறங்கியதும் சுகந்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள், ஜன்னல் வழியே வாழைத்தோப்பைப் பார்த்தாள், எட்டி நிற்கிற சுவர்களைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இவ்ளோ எடத்தை வச்சிக்கிட்டுதான் எங்களைத் தெருத்தெருவா வீடு தேட விட்டீங்களா?"

"சுகந்தி, நான் சொல்றதைக் கேளு. யாரும் இல்ல இப்ப. நீ இவளைக் கூட்டிக்கிட்டு வெளிய போய் நில்லு. நான் ஒரே ஒரு படம் எடுத்துட்டு வந்துடறேன். உடனே வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு?" என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். சொல்ல ஒரு தெருப் பேர்கூட வரவில்லை.

"சாவியைக் குடுத்துட்டேன். உங்க ரூம் படத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்தேன். பாத்துட்டு அப்பவும் நம்பல. சரி, பொய்யா இருந்தா நேர்ல போய்ச் சண்டை போடலாம்னுதான் வந்தேன்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கே பால் காய்ச்சிடணும். அந்த ஸ்டவ்வை எறக்குங்க."

"பால் காய்ச்சாதே" என்றான். அவன் குரல் அவனுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "இது லாட்ஜ் ரூமு. லாட்ஜ்ல யாராவது பால் காய்ச்சுவாங்களா? தங்கிட்டுப் போறதுதான லாட்ஜு."

"இருக்கற எடத்துல காய்ச்சறதுதான் பாலு" என்று சொல்லிவிட்டு அவள் சிலிண்டரில் டியூபைப் பொருத்தினாள். மிருதுளா அதற்குள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நாற்காலியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை இதுவரை வீட்டுக்குள் ஓடியதே இல்லை, நாலு அடி வைத்தால் சுவரில் இடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே சிரித்தாள், சிரிப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று.

தணிகைவேலன் கேமராவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், லென்ஸைக் கழற்றினான். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சுகந்தி தீக்குச்சியைக் கிழித்தாள், காற்றில் அணைந்தது. இன்னொன்று கிழித்தாள், அதுவும் அணைந்தது. மூன்றாவதை எடுத்தபோது அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்க வைக்காத, அந்தப் பக்கம் ஆவிக் காத்து அடிக்கும்" என்றான். "கட்டில் காலுக்கு இந்தாண்ட வை."

அவனே ஸ்டவ்வைத் தூக்கி நகர்த்தி வைத்தான்.

பால் காய்ந்து விளிம்புக்கு ஏறியபோது ஜனங்கள் அருவியிலிருந்து திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். தலை சொட்டச் சொட்ட வந்து சுற்றி நின்றார்கள், நயினாரும் வந்து நின்றார், கிழவர் இடம் கேட்டு முன்னால் வந்தார். பால் நுரைத்துப் பொங்கி ஒரு பக்கமாக வழிந்தது. பேச்சிக்கனி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே குனிந்து, எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்த்தாள். ஜன்னல் பக்கம்.

"கெழக்கால பொங்கியிருக்கு" என்றாள். "நல்லது சார். நெலைச்சு இருப்பீய."

சுகந்தி எல்லோருக்கும் பால் ஊற்றினாள். முதல் டம்ளரை அவனிடம் நீட்டினாள், அவன் வாங்கிக்கொண்டான்.